ஏழாம் மேஜையில் தோற்றவர்கள்

அத்தியாயம் 5

நான் ஏமாற்றவில்லை. ஆனால் எப்படி ஜெயித்தேன் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

இந்த இரண்டு வரிகளும் ஷாரோனின் மனதுக்குள் ஒரு மணி நேரமாக மாறி மாறி வந்துகொண்டிருந்தன. முதல் வரிக்கு நெஞ்சு நிமிரும். இரண்டாவது வரி வந்ததும் சுருங்கிப் போகும். முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்தான், மனம் விடவில்லை. மறைமலைநகரில் அவள் வேலை பார்க்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் பெண் காவலாளி உடம்பைத் தடவிச் சோதிப்பாள். நான்கு வருடத்தில் அவள் ஒரு திருகாணியைக்கூட எடுத்ததில்லை. ஆனாலும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, எதையோ எடுத்துவிட்டோமோ என்று தினமும் ஒரு கணம் தோன்றும். அந்த ஒரு கணம்தான் இப்போது முடியவே மாட்டேன் என்று நீண்டுகொண்டிருந்தது.

அவள் உட்கார்ந்திருந்த அறையில் விருந்து நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய ரிசார்ட் அது. கல்யாணம் நடந்தால் அந்த நாற்காலிகள் வெளியே போகும். இன்று கல்யாணமில்லை. பக்கத்து ஹாலில் ‘ரணகளம்’ என்ற சண்டை வீடியோ கேமின் தென்மண்டலப் போட்டி, நேற்றும் இன்றும். அறுபத்து நாலு பேர், எட்டு மேஜைகள். மேஜைக்கு இருவர் உட்கார்ந்து, திரைக்குள் இரண்டு பொம்மை வீரர்களை மோதவிடுவார்கள். தோற்றவர் வெளியே, ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்கு. இறுதி ஆட்டத்துக்கு வரும் இரண்டு பேருக்கும், அதில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும், இந்திய அணியில் இடம் உண்டு.

தரவரிசையில் ஐம்பத்தெட்டாவதாக இருந்த ஷாரோன் அந்த இருவரில் ஒருத்தி ஆகிவிட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

அரையிறுதியில் அவளிடம் தோற்றவன் கலைவாணன். இரண்டு வருடமாக யாரிடமும் தோற்காதவன். மூன்றுக்கு பூஜ்ஜியம். ஆட்டம் முடிந்ததும் ஹாலில் கைதட்டல் எழவில்லை. “அந்த டப்பாவைப் பிடுங்குங்கடா!” என்ற கூச்சல்தான் எழுந்தது. மற்றவர்கள் கடையில் வாங்கிய பேடு என்ற கைக்கருவியை வைத்து ஆடும்போது, அவள் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஓட்டை போட்டு, எட்டு பட்டன்களைப் பொருத்தி, தானே செய்துகொண்ட கருவியில் ஆடினாள். போட்டியை நடத்தும் தீனதயாளன் டப்பாவைப் பறித்துக்கொண்டு அவளை இந்த அறையில் உட்காரவைத்தார்.

“நாலு மணிக்குள்ள உண்மை வெளிய வரணும். இல்லைன்னா உன் பேரை அடிச்சுட்டு கலைவாணனை ஃபைனலுக்கு அனுப்பிடுவேன். உனக்கு ஆயுசுக்கும் தடை. புரியுதா?”

இப்போது மணி இரண்டு இருபது.

வேலைக்கு லீவு கேட்டபோது, அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று சூப்பர்வைசரிடம் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அண்ணனே கிடையாது. அந்த ஒரு பொய்க்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

கதவு திறந்தது. பருத்திப் புடவையும் தோளில் துணிப்பையுமாக ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் உள்ளே வந்தார். பின்னாலேயே ஒல்லியான ஆள் ஒருவன், அவளுடைய டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.

“சர்ச்சுல காணிக்கைத் தட்டு மாதிரி தூக்கிக்கினு வரேன் மேடம். தட்டப் பாத்து ஒதுங்குற மாதிரியே ஒதுங்குறானுங்க,” என்றான் அவன்.

“என் பேரு லோகநாயகி. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல துப்பறியும் ஆபீஸ் வச்சிருக்கேன். இவர் ஜான்சன், என் உதவியாளர்.”

“மாப்ள குடிப்பானா, சீட்டு ஆடுவானான்னு விசாரிக்கிறதுதான் நம்ம தொழில் தங்கச்சி. பொண்ணு வீடியோ கேம் ஆடுதுன்னு கேஸ் வந்தது இதான் மொத தபா.”

லோகநாயகி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். “நீ எப்படி ஏமாத்துனேன்னு கண்டுபிடிக்கத்தான் தீனதயாளன் என்னைக் கூப்பிட்டிருக்கார். ஏமாத்துனியா?”

“இல்ல மேடம்.”

“அப்போ எப்படி ஜெயிச்ச?”

வந்துவிட்டது, இரண்டாவது வரி. ஷாரோன் தரையைப் பார்த்தாள். “தெரியல மேடம்.”

லோகநாயகி பையைத் தோளிலிருந்து இறக்கினார். “ஏமாத்தினவங்க யாரும் இந்தக் கேள்விக்கு ‘தெரியல’ன்னு சொல்ல மாட்டாங்க. பதிலை வீட்டுலேயே தயார் பண்ணிட்டு வருவாங்க. ஜான்சன், டப்பாவுல என்ன இருந்தது?”

“எட்டு பட்டன், உடைஞ்ச பேடுலேர்ந்து கழட்டின சர்க்யூட்டு, அப்புறம் சாம்பார் வாசனை. ஹால்ல ஒரு இன்ஜினியர் தம்பிகிட்ட காட்டினேன். வேற ஒண்ணும் இல்லைன்னு அவனே சொல்லிட்டான். மத்தவங்க நம்பல. கண்ணுக்குத் தெரியாத மாதிரி வச்சிருப்பாளாம்.”

“ஏன் டப்பாவுல ஆடுற?”

“கம்பெனில நாள் பூரா கட்டைவிரலால கிளிப்பு அமுக்குற வேலை மேடம். பேடு புடிச்சா கட்டைவிரல் செத்துப்பூடும். எல்லா விரலுக்கும் வேலை வர்ற மாதிரி நானே செஞ்சுகினேன்.”

“சரி. தோத்தவங்க என்ன சொல்றாங்க?”

“என்னோட ஆடுறப்ப அவங்களுக்குக் கை கனக்குதாம். பட்டன அமுக்குனா பொம்ம லேட்டா அடிக்குதாம். டப்பாவுல இன்னாவோ வச்சு அவங்கள மெதுவாக்கிட்டேன்றாங்க.”

“உனக்குக் கனமா இருந்ததா?”

“இல்ல மேடம். எப்பவும் போலத்தான் இருந்துச்சு.” சொல்லிவிட்டு ஷாரோன் தயங்கினாள். தனக்கே எதிரான சாட்சியைத் தானே எடுத்துக் கொடுப்பது போலிருந்தது. “நேத்து மொத ஆட்டம்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. எல்லாம் வழுக்கிக்கினு ஓடுற மாதிரி. கத்துக்குட்டி காலேஜ் பையன் ஒருத்தன், அவன்கிட்டயே தோக்கப் பாத்தேன். அதான் மேடம் எனக்கே பயமா கீது. அவன்கிட்ட திணறினவ இன்னிக்கு சாம்பியன எப்டி அடிச்சேன்?”

“முதல் ஆட்டம் எந்த மேஜை?”

“மூணு.”

லோகநாயகி பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் ‘3’ என்று எழுதினார். “எழுந்து வா. நீயும் கூட நட.”

“நானா? வெளியவா?”

“இங்கேயே உட்கார்ந்திருந்தா குற்றவாளி மாதிரிதான் தெரியும். எங்க கூட நடந்தா, எங்க ஆளோன்னு நாலு பேராவது குழம்புவாங்க.”

ஹாலுக்குள் நுழைந்ததும் குளிர்காற்றும் சத்தமும் ஒன்றாக முகத்தில் அறைந்தன. “டப்பா ராணி வருது டோய்!” என்று எங்கிருந்தோ ஒரு குரல். சிரிப்பு. யாரோ கைபேசியைத் தூக்கிப் படமெடுத்தார்கள். அடுத்த வாரம் கேன்டீனில் இந்தப் படம் ஒவ்வொரு கையாக மாறிப் போகும் என்று ஷாரோன் நினைத்தாள்.

“எங்க வூட்ல சோத்துக்கே டப்பா பத்தல. நீங்க இன்னா, ஒரு டப்பாவப் பாத்து இந்த பயம் பயப்படுறீங்க!” ஜான்சன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. அவன் அதைத் தெரிந்தேதான் செய்கிறான் என்பது ஷாரோனுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது.

சுவரில் முடிவுகளை எழுதிய பெரிய அட்டவணை. யார் யாரிடம் தோற்றார்கள், எந்த மேஜை, எந்த நேரம் எல்லாம் வரிசையாக இருந்தன. எதிர்பாராத தோல்விகளைச் சிவப்பு வட்டத்தில் போட்டிருந்தார்கள். நேற்று ஒரு வட்டம்கூட இல்லை. இன்று ஐந்து.

“நாலு வட்டம் உன்னோடது. இந்த அஞ்சாவது யாரு?”

ஜான்சன் விரல் வைத்துப் படித்தான். “ராகவன், தரவரிசையில ரெண்டாவது. தோத்தது ஆனந்தன்கிட்ட, செய்யூரு, முப்பத்தொண்ணாவது. காலைல பத்தரை மணி.”

“பத்தரை மணிக்கு நீ எங்க இருந்த ஷாரோன்?”

“வெளிய சவுக்குத் தோப்புல உக்காந்து புளிசோறு தின்னுகினு இருந்தேன் மேடம். டப்பா மடியிலதான் இருந்துச்சு.”

“எந்த டப்பா? சோத்து டப்பாவா, சண்டை டப்பாவா? ரெண்டும் ஒரே மாதிரி கீதே!”

லோகநாயகி அவனைக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டு நின்ற ராகவனிடம் போனார். “தம்பி, நீங்க தோத்த ஆட்டத்துல உங்களுக்கும் கை கனமா இருந்ததா?”

“ஆமா மேடம். சேத்துல நடக்கற மாதிரி இருந்துச்சு.”

“நடுவர்கிட்ட சொன்னீங்களா?”

“தோத்துட்டு சொன்னா சாக்குன்னு சொல்வாங்க. அப்புறம் இவ கேஸ் வெளிய வந்ததும், எனக்கும் இவதான் எங்கேருந்தோ எதையோ பண்ணியிருக்கான்னு தெரிஞ்சுபோச்சு.”

“புளிசோறு தின்னுக்கிட்டே?”

ராகவன் நகர்ந்து போனான்.

லோகநாயகி மறுபடியும் அட்டவணைக்குத் திரும்பினார். அவருடைய விரல் ஐந்து சிவப்பு வட்டங்களையும் விட்டுவிட்டு, அவற்றுக்கு நேரே மேஜை எண் எழுதியிருந்த கட்டங்களில் மேலிருந்து கீழே இறங்கியது. ஏழு. ஏழு. ஏழு. ஏழு. ஏழு.

“ஏழாம் மேஜையில அப்படி என்ன விசேஷம்?”

“கேமரா மேஜை மேடம். பெரிய ஆளுங்க ஆட்டத்த அங்கதான் வப்பாங்க. இன்டர்நெட்டுல நேரடியா போவும். மத்த மேஜைல சின்ன மானிட்டரு. அதுல மட்டும் ரிசார்ட்டோட பெரிய டிவி, தூரத்துல கீறவங்களுக்கும் தெரியணும்னு,” என்றாள் ஷாரோன்.

மூவரும் மேடைக்குக் கீழே இருந்த ஏழாம் மேஜைக்குப் போனார்கள். டிவியின் ஓரத்தில் நேற்று ஒட்டிய ஒரு பச்சை ஸ்டிக்கர்: ‘சோதிக்கப்பட்டது. சனி, காலை 8.00.’ மேஜை மேல் முடிவுச் சீட்டுகள் கட்டாக இருந்தன. ஒவ்வொரு சீட்டிலும் ஆடிய இருவரின் கையெழுத்து. அதற்கு மேலே அச்சிட்ட இரண்டு வரி: ‘ஆட்டத்துக்கு முன் திரையையும் பட்டன்களையும் சோதித்தேன், குறை இல்லை. முடிவை ஏற்கிறேன்.’

“இதென்ன சோதனை?”

“பட்டன் செக்குன்னு சொல்வோம் மேடம். ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லா பட்டனையும் ஒருவாட்டி அமுக்கிப் பாத்துக்கணும். குறை இருந்தா அப்பவே சொல்லணும். ஆட்டம் தொடங்கிட்டா கேக்க முடியாது.”

“எல்லாரும் பார்ப்பாங்களா?”

“பெரிய ஆளுங்க ரெண்டு தட்டு தட்டிட்டு தலைய ஆட்டிடுவாங்க. நான்தான் ஒவ்வொண்ணா அமுக்குவேன். சிரிப்பாங்க. டப்பா நான் செஞ்சது, எப்ப எது புட்டுக்கும்னு தெரியாது.”

கலைவாணன் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது. ஷாரோன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவனுடைய வலது கை தொடை மேல் இல்லாத பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள். இந்த ஒரு மணி நேரமும் அவன் மனதுக்குள் அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடித் தோற்றுக்கொண்டிருக்கிறான். அவளைப் போலவே இவனுக்கும் விடை தெரியவில்லை. அந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவனை வெறுப்பது இன்னும் சுலபமாக இருந்தது.

“ஆட்டத்துக்கு நடுவுல ஹெட்போனைக் கழட்டிட்டீங்களாமே?” லோகநாயகி கேட்டார்.

“எரிச்சலா இருந்துச்சு. சத்தம் முந்தி வருது. குத்து விழற சத்தம் காதுல கேட்குது, அதுக்கப்புறம்தான் திரையில குத்து விழுது. மண்டை குழம்பிடுச்சு.”

“ஹெட்போன் எதுல சொருகியிருந்தது?”

“பேடுல. கேம் மெஷின்லேர்ந்து நேரா வரும்.”

“உங்க வீட்டுல என்ன டிவி?”

கலைவாணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “டிவி எதுக்கு? கேமுக்குன்னே இருக்கற மானிட்டர். ஏன்?”

லோகநாயகி அதற்குள் நகர்ந்துவிட்டார். ராகவனிடம் போய் அதே கேள்வி. அவன் வீட்டிலும் மானிட்டர்தான். பிறகு ஆனந்தனைத் தேடிப் பிடித்தார்கள். ராகவனை ஜெயித்தவன், அதற்கு அடுத்த ஆட்டத்திலேயே இரண்டாம் மேஜையில் தோற்றுப்போனவன்.

“எங்க வூட்லயா? பழைய டிவி மேடம். செய்யூர்ல கடை காலி பண்றப்ப ஒருத்தர் குடுத்தாரு. படம் வரும், ஆனா கொஞ்சம் யோசிச்சுத்தான் வரும்.”

“அரசாங்க ஆபீஸ்ல வேலை பாத்த டிவியா இருக்கும்,” என்றான் ஜான்சன்.

லோகநாயகி சிரிக்காமல் ஷாரோன் பக்கம் திரும்பினார். கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஷாரோனுக்கு அவள் அறை கண்முன் வந்தது. ஊரப்பாக்கத்தில் அவளும் கூட வேலை செய்யும் மூன்று பெண்களும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் அறை. சுவரோரம் ஸ்டூல் மேல் அந்த டிவி. ரிமோட்டை அழுத்தினால் சேனல் மாறுவதற்குள் ஒரு படி அரிசி களைந்துவிடலாம் என்று அவர்களில் ஒருத்தியான வேண்டா எப்போதும் சொல்வாள். அந்த டிவியில்தான் நான்கு வருடம். கண்ணை நம்பாதே, கண் பார்ப்பதற்கு முன்பே விரல் போயிருக்க வேண்டும் என்று, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தோற்றுத் தோற்று அவளே தன் விரல்களுக்குப் பழக்கியது.

“பழசு மேடம்,” என்றாள். “ரொம்பப் பழசு.”

“கலைவாணன் சத்தம் முந்தி வந்துச்சுன்னு சொல்றான். சத்தம் முந்தலைம்மா. படம்தான் பிந்திடுச்சு.”

மணி மூன்றரை ஆகும்போது ஏழாம் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தீனதயாளன் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். “மேடம், கண்டுபிடிச்சீங்களா? ஸ்பான்சர் ஆளுங்க வாசல்ல நிக்கறாங்க.”

“ஒரு நிமிஷம். டப்பா வேண்டாம். கலைவாணன், உங்க பேடை எடுங்க. ஜான்சன், உன் போன்ல மெதுவா ஓடற வீடியோ எடுப்பியே, அதை எடு. அவர் விரலும் திரையும் ஒண்ணா தெரியணும்.”

“என் மச்சான் கல்யாணத்துல டான்ஸ் ஆடினத இதுலதான் எடுத்தேன் மேடம். இன்னும் ஆடி முடிக்கல.”

முதலில் மூன்றாம் மேஜை. கலைவாணன் ஒரே ஒரு பட்டனை அழுத்தினான். பிறகு ஏழாம் மேஜை. அதே பேடு, அதே பட்டன். இரண்டு வீடியோவையும் ஜான்சன் எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான். மூன்றாம் மேஜையில் விரல் இறங்கியது, பொம்மையின் கை கிளம்பியது. ஏழாம் மேஜையில் விரல் இறங்கியது. நின்றது. பட்டனைவிட்டு மேலே எழும்பியது. அதற்குப் பிறகுதான் பொம்மையின் கை அசைந்தது.

பின்வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இங்க ஆடின எல்லாருக்கும் படம் தாமதம்தான்,” என்றார் லோகநாயகி. “வேகமான திரையில பழகினவங்களுக்குக் கை கனத்துப்போச்சு. மெதுவான டிவியில பழகின ரெண்டு பேருக்கு மட்டும் வீட்டுல ஆடற மாதிரியே இருந்தது. ஒருத்தர் ஆனந்தன். இன்னொருத்தர் இந்தப் பொண்ணு. நேத்து இவ மூணாம் மேஜையில திணறினதும் அதனாலதான். டப்பாவுல ஒண்ணும் இல்ல. இவ ஏமாத்தவும் இல்ல.”

ஷாரோனுக்கு அழுகை வந்தது. நிம்மதியின் அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. அந்த நிம்மதிக்கு அடியில் வேறொன்று கிடந்தது. ஏமாற்றவில்லை என்று நிரூபித்த அதே வார்த்தைகள், அவள் யாரென்றும் சொல்லிவிட்டன. நல்ல திரையில் வைத்தால் கத்துக்குட்டியிடம் திணறுகிறவள்.

“நேத்து காலைல நானே சோதிச்சு ஸ்டிக்கர் ஒட்டினேன்!” தீனதயாளன் கத்தினார். “கேம் ஆடறதுக்கான செட்டிங்ல வச்சேன். அதுக்கப்புறம் எவன் தொட்டான்?”

“அதத்தான் நானும் கேட்டேன்,” என்று ஜான்சன் கூட்டத்தை விலக்கி ஒரு நடுத்தர வயது ஆளை முன்னால் கொண்டுவந்தான். காதில் பென்சில், இடுப்பில் டெஸ்டர். “ரிசார்ட்டு எலக்ட்ரீஷியன். பேரு சடையப்பன். சொல்லுங்க அண்ணாத்த.”

சடையப்பனுக்கு இத்தனை பேர் தன்னைப் பார்ப்பதில் கொஞ்சம் பெருமை. “நேத்து சாயங்காலம் மேடம். கேமராவுல படம் மங்கலா கீது, விளம்பரக் கம்பெனி செவப்பு செவப்பாவே தெரியல, பேஜாரா கீதுன்னாங்க. நம்ம இந்த ஹால்ல எத்தினி கல்யாணம் பாத்துகீறோம்! டிவில சினிமான்னு ஒரு செட்டிங்கு கீது. அத வச்சா படத்த நல்லா மெருகேத்தி வுடும், மணப்பொண்ணு மூஞ்சி வழவழன்னு வரும். அதையே வச்சேன். இன்னா, ஒவ்வொரு படத்தையும் அது மெருகேத்தித்தான் அனுப்பும், கொஞ்சூண்டு லேட்டாவும். கல்யாணத்துல யாரு பாக்கறா?”

“டிவில தாலி லேட்டா ஏறினா மாப்ள ஒண்ணும் தோத்துட மாட்டான், பரவால்ல,” என்றான் ஜான்சன்.

“வைக்கச் சொன்னது யாரு?” லோகநாயகி அமைதியாகக் கேட்டார்.

சடையப்பன் ஆச்சரியமாகப் பார்த்தான். “சார்தான்.” பென்சிலை எடுத்து தீனதயாளனை நேராகக் காட்டினான். “இதோ நிக்கறாரே. செஞ்சு முடிச்சதும் சூப்பர்டா சடையப்பான்னு முதுகுல தட்டிக்குடுத்தாரு.”

தீனதயாளனின் முகம் வெளுத்துப்போனது. அவர் நடிக்கவில்லை, இந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது என்பதை ஷாரோன் பார்த்தாள். விளம்பரத்தின் சிவப்பு நிறத்துக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறந்துபோனார். மறந்துவிட்டு, அவளை ஏமாற்றுக்காரி என்று சொன்னார்.

மணி நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் அவளை நாற்காலி அறைக்குக் கூப்பிட்டார். லோகநாயகியும் ஜான்சனும் கேட்காமலே கூட வந்தார்கள். கலைவாணன் வாசலில் நின்றான்.

தீனதயாளன் ஒரு தாளை நீட்டினார். குரல் இப்போது வேறாக இருந்தது. “ஷாரோன், தப்பு எங்க மேலதான். நான் மறுக்கல. ஆனா நீயே யோசிச்சுப் பாரும்மா. கலைவாணன் பாவம் இல்லையா? அரையிறுதியை மட்டும் நல்ல மானிட்டர்ல இன்னொரு தடவை ஆடிடலாம். விதிப்படி உன் சம்மதம் இல்லாம முடியாது. இதுல ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

“போடலைன்னா?”

“போட்டா, மேடையில மைக்கைப் பிடிச்சு நானே சொல்றேன், இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, பெருந்தன்மையா திரும்ப ஆடறான்னு. இன்டர்நெட்ல எல்லாரும் கேட்பாங்க. போடலைன்னா...” அவர் கைகளை விரித்தார். “ஃபைனல் நடக்கும், அவ்வளவுதான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஜனங்க என்ன நினைக்கறாங்களோ நினைச்சுக்கட்டும்.”

“இவ தப்பு பண்ணலன்னு சொல்றதுக்கு இவ தோக்கணுமா சார்? நல்லாகீதே நியாயம்!” ஜான்சனின் குரலில் முதல் முறையாகக் கேலி இல்லை.

“என் ரிப்போர்ட்டுல டிவிதான் காரணம்னு இருக்கும்,” என்றார் லோகநாயகி. “ஆனா அதை உங்ககிட்டதான் கொடுக்கணும். நீங்க படிச்சுக் காட்டலாம், மடிச்சு உள்ள வச்சுக்கவும் செய்யலாம்.” பிறகு ஷாரோனைப் பார்த்தார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

கலைவாணன் ஒரு எட்டு உள்ளே வைத்தான். இப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். “உண்மையைச் சொல்லு. நல்ல மானிட்டர்ல உன்னால என்னை அடிக்க முடியுமா?”

பொய் சொல்லலாம். ஞானஸ்நானம் என்று சொன்ன வாய்தான்.

“முடியாது,” என்றாள்.

“அப்புறம்?”

அப்புறம்? ஷாரோன் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நகத்தின் ஓரத்தில் கிளிப் அழுத்தி அழுத்திக் கறுத்துப்போன தழும்பு. வாழ்நாளெல்லாம் அவள் மற்றவர்களின் திரையில்தான் ஆடியிருக்கிறாள். இங்கிலீஷில் நடந்த நேர்காணலிலும், நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை செய்யும் உயரமான மேஜையிலும், ஆண்களின் கைக்கு அளவெடுத்த பேடிலும். கனமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் பழகிக்கொள் என்றார்கள். பழகிக்கொண்டாள். ஒரே ஒரு நாள், யாருமே நினைக்காமல், எல்லோரும் அவள் வீட்டு டிவியின் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அது நியாயமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் பல இரவுகள் அதை நினைத்துப் புரண்டு படுப்பாள் என்று மட்டும் தெரிந்தது.

“என் டிவில உங்களால என்ன அடிக்க முடியுமாண்ணா?” என்று கேட்டாள்.

அவன் மறுபடி வாசலுக்குப் பின்வாங்கினான்.

வெளியே ஒலிபெருக்கியில் இறுதி ஆட்டத்துக்கான அறிவிப்பு தொடங்கியது. தீனதயாளன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் விரல்களுக்கு இடையில் கிட்டத்தட்டத் திணித்தார். “நேரம் இல்லைம்மா. ஊரே உன்னை நல்ல பொண்ணுன்னு சொல்லும். ஒரு கையெழுத்து.”

ஷாரோன் தாளை ஒரு முறை முழுதாகப் படித்தாள். அவர் கையிலிருந்த மூடியை வாங்கிப் பேனாவில் போட்டு, சத்தம் வரும்வரை அழுத்தினாள். பேனாவைத் தாளின் மேல் வைத்து இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள். ஜான்சன் கையிலிருந்த தன் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

“நான் போட வேண்டிய கையெழுத்த மத்தியானமே ஏழாம் மேஜை முடிவுச் சீட்டுல போட்டுட்டேன் சார்,” என்றாள். “கலைவாணன் அண்ணனும் பக்கத்துலயே போட்டுக்கீறாரு.”